தலைச்சோலையிலிருந்து அப்பா பேசுகிறேன்

மூடுபனியையும் குரங்கையும் தவிர வேறு யாரும் அவுட்பாஸ் இல்லாமல் எங்கள் கேட்டைத் தாண்ட முடியாது. ஏற்காட்டு மலைமேல் இருக்கும் ஒரு தனியார் பொறியியல் பல்கலைக்கழகம் எங்களுடையது. அதன் பெண்கள் விடுதிக்குப் பதினோரு வருடமாக நான் வார்டன். அதற்கு முன்பு ஒரு மிஷன் பள்ளியின் போர்டிங்கில் மேட்ரனாக இருந்தேன். ஆக, அடுத்தவர் பெற்ற பிள்ளைகளைச் சாப்பாட்டு நேரத்தில் தலை எண்ணுவதிலேயே என் ஆயுசு போய்க்கொண்டிருக்கிறது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம், அது கூடவே பிறந்தது.

இங்கே சேருகிற எல்லோரும் விடுதியில்தான் தங்க வேண்டும். வீடு சென்னையில் இருந்தாலும் சரி, பக்கத்து எஸ்டேட்டில் இருந்தாலும் சரி. விடுதியில் இடம் இல்லை என்றால் வகுப்பிலும் இடம் இல்லை. ஒரு பெண்ணின் படிப்புக்கே வினையாக வரப் பார்த்தது இந்த விதிதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வருடப் பிள்ளைகள் வந்து இறங்குகிற வாரத்தைப் பார்க்க வேண்டும். கீழே சேலத்தில் வியர்க்க விறுவிறுக்க பஸ் ஏறியவர்கள், மெல்லிய சுடிதாரோடு இங்கே இறங்கி, மறுநாள் காலையில் பக்கெட் தண்ணீரில் விரலை வைத்துவிட்டு அலறுவார்கள். துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. ஈரச் சாக்ஸை ஹேர் டிரையரால் காயவைத்து ஃபியூஸைப் போக்குவது வருடா வருடம் நடக்கிற திருவிழா. எந்த அறை என்று நான் விசாரிக்கவே வேண்டாம், கருகல் வாடை வராந்தாவிலேயே வழிகாட்டும். வகுப்பறை ஜன்னல் வழியாகப் பனி உள்ளே புகுந்துவிட்டால் பேராசிரியருக்குக் கடைசி பெஞ்சு தெரியாது. கடைசி பெஞ்சுக்கு வேறென்ன வேண்டும்? வேலி வரைக்கும் காப்பிச் செடி, ஆனால் மெஸ்ஸில் கொடுப்பது பாக்கெட் தூள் கரைத்த வெந்நீர். இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிவிட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

சித்திரையில் ஒரு மழை பெய்து காப்பி பூத்துவிட்டால் அன்றைக்கு மட்டும் என் அதிகாரம் செல்லாது. படிப்பு நேரத்தில் அத்தனை ஜன்னலும் திறந்திருக்கும், ஜன்னலுக்கு மூன்று தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான் கீழே நின்று ஒரு சத்தம் போடுவேன். பிறகு நானும் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பேன். அந்த வாசனைக்கு முன்னால் யாரைத் திட்டுவது?

அவுட்பாஸ் விஷயத்தில் அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணியிலிருந்து வீட்டுக்குப் போகிற பெண்கள் இளஞ்சிவப்புச் சீட்டோடு என் அறை வாசலில் வரிசை கட்டுவார்கள். நான் அவர்களுடைய அப்பாவின் எண்ணுக்குப் போன் போடுவேன். எழுதக் கை வேண்டும் என்பதால் ஸ்பீக்கரில் போடுவது என் வழக்கம். "அப்பாவா பேசறது?" என்பது என் முதல் கேள்வி. "ஆமா" என்று குரல் வந்து, "அனுப்புங்க" என்று சொன்ன பிறகுதான் "தந்தை அனுமதித்தார்" என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? மெக்கானிக்கல் பையன்களில் கட்டைக்குரல் உள்ளவனாகப் பார்த்து அப்பாவாக்கிவிடுவார்கள். ஒருத்திக்கு எங்கள் மெஸ் மாஸ்டரே அப்பாவாகிவிட்டார், பின்னால் குக்கர் விசில் கேட்டு மாட்டினார். எனக்குப் பாம்புச்செவி என்று பிள்ளைகள் பேர் வைத்திருப்பது எனக்கும் தெரியும். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

போலியைப் பிடிக்க நான் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. "பொண்ணு என்ன டிபார்ட்மெண்டுங்க?" என்று சாதாரணமாகக் கேட்பேன். சொந்த அப்பனுக்கு அது வாயில் நுழையாது. சிவில் படிக்கிறவளின் அப்பாவும் "ஏதோ கம்ப்யூட்டருங்க" என்பார், கெமிக்கல் படிக்கிறவளின் அப்பாவும் அதையேதான் சொல்வார். போலி அப்பனோ டிபார்ட்மெண்ட், செக்‌ஷன், ரோல் நம்பர் வரைக்கும் தண்ணீர் பட்ட பாடாக ஒப்பிப்பான். ஒப்பித்தால் போச்சு, சீட்டைக் கிழித்துவிடுவேன். நாலு வருடத்துக்கு முன்பு இந்தத் தொல்லை அதிகமானபோது நானே ஒரு விதி எழுதிக் கொடுத்தேன். பெற்றோர் போல ஆள் வைத்துப் பேசினால் அந்தப் பருவம் முழுக்க விடுதியை விட்டு நீக்கம், வேலைக்கான நேர்முகத்தேர்விலும் உட்கார முடியாது. விதியைப் படித்துவிட்டு டீன் என்னைப் பாராட்டினார். அதற்குப் பிறகு போலி அப்பாக்கள் குறைந்துபோனார்கள்.

அப்பாக்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் எதிர்மலையில் இருக்கும் தலைச்சோலை ஊர்க்காரர். அவருடைய மகள் அரசுப் பள்ளியில் படித்து, நல்ல மார்க் வாங்கி, எலக்ட்ரானிக்ஸில் சேர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள். எங்கள் விடுதி மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் எஸ்டேட்டின் சில்வர் ஓக் மரங்கள் தெரியும். ஆனாலும் விதி விதிதான், அவளும் அவுட்பாஸ் வாங்கித்தான் போக வேண்டும்.

மற்ற அப்பாக்கள் "அனுப்புங்க மேடம்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். இவர் அப்படி இல்லை. "ஏனுங்க, பொண்ணு சாப்புட்டுச்சுங்களா?" என்பார். "மழ நொம்பங்க, கடசி பஸ்ஸுக்கு அனுப்பிராதீங்க, அஞ்சரைக்கே ஏத்தி உட்டுருங்க" என்பார். ஒருமுறை பேச்சுவாக்கில் எனக்கு முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து "காலு தேவலீங்களா டீச்சரம்மா?" என்று விசாரிப்பார். டிபார்ட்மெண்டைக் கேட்டதற்கு, "ஏதோ கரண்டு சம்பந்தமானதுங்க" என்றார். அதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? குரல் ஒரு வாரம் இருமலோடு வரும், ஒரு வாரம் மெல்லியதாக வரும், ஒரு வாரம் சிரிப்போடு வரும். மலையில் இருக்கிறவருக்குச் சளி பிடிக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். மூன்று வருடம் அப்படித்தான் போனது.

அவள் கடைசி வருடம் படிக்கும்போது, மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த வியாழக்கிழமை அவள் இரண்டு வருடமாகக் காத்திருந்த கம்பெனி நேர்முகத்துக்கு வரவிருந்தது. சிப் வடிவமைக்கிற கம்பெனி. அவளுடைய வகுப்பில் அந்தத் தேர்வுக்குக் கூப்பிடப்பட்டவர்கள் மூன்றே பேர். பிளஸ் டூ அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும், அவை வீட்டில் இருக்கின்றன, எடுத்துவரப் போகிறேன் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு லேபுக்குப் போயிருந்தாள். வெந்நீர் ஹீட்டர் தகராறைப் பேச டீன் என் அறைக்கு வந்து எதிரே உட்கார்ந்திருந்தார். நான் போனைப் போட்டேன்.

"அப்பாவா பேசறது?"

"ஆமாங்க, அப்பந்தானுங்க. பொண்ணு சாப்புட்டுச்சுங்களா?"

அந்த நேரத்தில் செக்யூரிட்டி ஒருவரை உள்ளே கூட்டிவந்தார். நனைந்த வேட்டி, தலையில் சாக்கு, தோளில் ஒரு பெரிய பலாப்பழம், கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஃபைல். "மேடம், இவர் தலைச்சோலைப் பொண்ணோட அப்பா. சர்ட்டிபிகேட் கொண்டுவந்திருக்கார்" என்றார்.

நான் போனைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். டீனும் அதையேதான் செய்தார். வந்தவர் மட்டும் போன் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு மலர்ந்த முகத்தோடு சொன்னார்.

"அட, இது எங்க மேஸ்திரிங்க. ஏனுங்க மேஸ்திரி, நான் இங்கதானுங்க இருக்கேன்!"

"அட, நீ அங்கயா இருக்கே?" என்றது போன். "அப்ப நீயே சொல்லிரு. எனக்கு செக்ரோல்ல ஆள் கணக்கு எழுதோணும்." வைத்துவிட்டார்.

டீனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், ஆனால் அவர் விதிப்படி நடக்கிற மனிதர். கழுத்து மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு, "உங்க ரூல் ஒண்ணு இருக்கில்ல?" என்று மட்டும் கேட்டார்.

பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினேன். அப்பாவைக் கண்டு ஓடிவந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

"போன்ல பேசுனது யாரு?"

"மேஸ்திரி பெரியப்பா மேம்."

"சொந்தமா?"

"இல்ல மேம். பக்கத்து வீடு."

"எத்தனை நாளா அவர் பேசறார்?"

"ஃபர்ஸ்ட் இயர்லேர்ந்து. அவர் மட்டும் இல்ல மேம், நாலு பேரு..."

நாலு பேர்! எனக்கு உச்சந்தலை சூடேறிவிட்டது. என் முழங்காலை விசாரித்தது யாரோ, மழைக்குக் கவலைப்பட்டது யாரோ, சிரித்தது யாரோ. பதினோரு வருடமாகக் கட்டிக்காத்த என் பாம்புச்செவியை இந்தப் பெண் நாலு பேரை வைத்து அடைத்திருக்கிறாள். "ஆள் வைக்கல மேம், போன் பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்க எடுப்பாங்க" என்று அவள் ஏதோ சொன்னாள். என் காதில் அது ஏறவில்லை. டீன் எழுந்து போவதற்குள் புகாரை எழுதிக் கையில் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை ஒழுங்குக் குழு கூடும் என்றார். விதியை அப்படியே போட்டால் வியாழக்கிழமை நேர்முகம் போச்சு, பருவம் போச்சு, அந்த வருடமே போச்சு.

அவளுடைய அப்பாவுக்கு என்ன நடந்தது என்று பாதிதான் புரிந்தது. "புள்ள மழையில அலையோணுமான்னுதானுங்க நானே கொண்டாந்தேன்" என்று இரண்டு முறை சொன்னார். போகும்போது பலாப்பழத்தை என் மேஜை ஓரத்தில் வைத்தார். "இது உங்களுக்குங்க டீச்சரம்மா. நீங்க நல்லா பாத்துக்கறீங்கன்னு பொண்ணு சொல்லும்." எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அவர் காதில் விழவில்லையோ, விழாத மாதிரி போனாரோ, பழம் அங்கேயே இருந்தது. சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் அறை முழுக்க அந்த வாசனைதான்.

புகாரோடு மேஸ்திரியின் கையெழுத்தும் வேண்டும் என்று டீன் சொல்லியிருந்தார். அதை வாங்கிவரச் சனிக்கிழமை மதியம் தலைச்சோலை பஸ் ஏறினேன். கையெழுத்து என்பது ஒரு சாக்கு. அந்த நாலு பேரையும் நேரில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

எஸ்டேட்டில் காப்பி காயவைக்கும் களத்துக்கு வழி சொன்னார்கள். சீசன் இல்லாததால் களம் காலியாக இருந்தது. ஓரத்துக் கொட்டகையில் இரண்டு பெண்கள் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார்கள். களத்தின் ஓரத்தில் இடுப்பளவு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம், பள்ளத்தைத் தாண்டி எதிர்மலையில் எங்கள் பல்கலைக்கழகத்தின் தண்ணீர்த் தொட்டி வெள்ளையாகத் தெரிந்தது. சுவர்மேல் வரிசையாகப் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், உள்ளே ஒரு போன். அதில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அடுத்ததில் மஞ்சள் நூல்.

"நாங்க குடியிருக்கற லைன் ஊடுகள்ல சிக்னல் கெடையாதுங்க" என்றாள் மூத்தவள். "இந்தச் செவுத்து மேல வெச்சாத்தான் ரெண்டு கோடு காட்டும். அதனால எல்லாரும் வேலைக்குப் போறப்ப இங்க வெச்சிட்டுப் போயிருவோம்."

"அடிச்சா யார் எடுப்பாங்க?"

"பக்கத்துல இருக்கறவங்க எடுப்பாங்க."

"அப்பாவான்னு கேட்டா?"

இவளுக்கு இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "ஆமான்னுதானுங்க சொல்லோணும். இல்லீன்னு சொன்னா வெச்சுருவாங்கல்ல. எங்க மேஸ்திரிக்கு அப்படித்தான் ஆச்சுங்க. காலேஜுல படிக்குதுல்ல ஒரு புள்ள, அது சேந்த புதுசுல அங்கிருந்து ஒரு அம்மா போன் போட்டாங்க. அப்பன் பள்ளத்துக் காட்டுல வேல செய்யறாருங்க, நான் பக்கத்து ஊட்டுக்காரன்னு இவரு உள்ளதைச் சொல்லிட்டாரு. அந்தம்மா படக்குன்னு வெச்சிட்டாங்களாமா. அந்தப் புள்ள அக்கா வளகாப்புக்கே வர முடியலீங்க. நொம்ப அழுதுச்சு. அதுக்கப்பறம் யாரு எடுத்தாலும் அப்பன்னு சொல்லிருங்கன்னு மேஸ்திரி சொல்லி வெச்சுட்டாரு."

அந்த அம்மா நான்தான். எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. வெள்ளிக்கிழமைக்கு எத்தனையோ போன், அதில் ஒன்று. வைத்தேன், அடுத்த சீட்டை எடுத்திருப்பேன். இங்கே ஒரு வளைகாப்பு நடந்திருக்கிறது, அங்கே அந்தப் பெண் என் கண் எதிரிலேயே மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். சொல்லத் தெரியாத வெட்கம் வந்தது. "அந்தம்மா நான்தாங்க" என்று சொல்ல வாய் வரவில்லை.

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஆபீஸ் பக்கம் டீ வந்திருக்கிறது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு தம்ளர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது. நான் கொட்டகை ஓரமாக ஒதுங்கி நின்றேன். அப்போது சுவர்மேல் ஒரு டப்பா அதிர ஆரம்பித்தது.

"ஏங்க, போன் அடிக்குது!" என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நின்றது. மறுபடியும் அடித்தது. பொறுக்க மாட்டாமல் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி டப்பாவைத் தூக்கினேன். பச்சை நூல் கட்டிய போன்.

"அம்மாங்களா?" என்றது ஒரு இளம் டீச்சரின் குரல். "ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சிருச்சுங்க. வேன் ரிப்பேர். பாப்பா தனியா நின்னு அழறா. நீங்க வர்றீங்களா? அம்மாதானுங்களே?"

இல்லை என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தால் என்ன செய்வேன் என்றும் தெரியும்.

"ஆமாங்க, அம்மாதான்" என்றேன். "இப்பவே ஆள் வருவாங்க. அதுவரைக்கும் பாப்பாவை மழையில விடாதீங்க, உங்க பக்கத்துலயே உட்கார வைங்க. அவ ஏதாவது சாப்பிட்டாளா?"

அந்தக் கடைசிக் கேள்வியை நான் யோசித்துக் கேட்கவில்லை. தானாக வந்தது.

டீயோடு வந்த பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். "பச்ச நூலா? அப்ப கடசி ஊட்டுக்காரியோடது" என்றாள் இளையவள். குடையை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பிவிட்டாள், அது அவளுடைய பிள்ளைகூட இல்லை. நான் போனை எடுத்துப் பேசியதைப் பற்றி ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களுக்கு அதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை போலும்.

நாலு மணிக்கு மேஸ்திரி வந்தார். இருமலோடு வரும் குரல் அவருடையது. என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, "காலு தேவலீங்களா டீச்சரம்மா?" என்றார். பஸ்ஸில் வரும்போது சேர்த்துவைத்த கேள்விகளில் ஒன்றும் வாயில் இல்லை. "தேவலைங்க" என்றேன். கையெழுத்து வாங்காமலே திரும்பி வந்தேன்.

செவ்வாய்க்கிழமை குழு கூடியது. டீனும் இரண்டு பேராசிரியர்களும் மேஜைக்கு அந்தப் பக்கம். பெண் ஒரு ஓரத்தில் நின்றாள், மூன்று நாளாக அழுது கண் வீங்கியிருந்தது. கூப்பிட்டது அவளுடைய அப்பாவை மட்டும்தான். காலை பஸ்ஸில் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். எல்லோரும் வெள்ளைச் சட்டை, மேஸ்திரி மட்டும் கோட்டு போட்டிருந்தார். வேலையை விட்டுவிட்டு ஏன் வந்தீர்கள் என்று டீன் கேட்டார்.

"பேசுனது நாங்கதானுங்களே" என்றார் மேஸ்திரி. "அந்தப் புள்ளைய வெளிய அனுப்பறதுன்னா எங்களுக்கு என்ன தண்டனையோ அதக் குடுத்துருங்க. அவளுக்கு வேண்டாங்க."

டீன் விதியைப் படித்தார். நான் எழுதிய விதி, என் வார்த்தைகள். பிறர் வாயால் கேட்கும்போது அது வேறு மாதிரி இருந்தது. படித்து முடித்ததும், "வார்டன் ஏதாவது சொல்றீங்களா?" என்றார்.

"நான் போலி அப்பாவைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி கேட்பேன் சார். உங்களுக்கே தெரியும். அதை இவங்ககிட்ட கேட்க அனுமதி கொடுங்க" என்றேன்.

தலையசைத்தார். நான் வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனேன்.

"பொண்ணு என்ன டிபார்ட்மெண்டுங்க?"

"கரண்டு சம்பந்தமானதுங்க" என்றார் மேஸ்திரி. அடுத்தவர், மெல்லிய குரல்காரர், யோசித்து, "கம்ப்யூட்டருங்க" என்றார். மூன்றாமவர், "இந்த செல்போன் டவரு கட்டறதுங்க. அத முடிச்சதும் நம்ம களத்துக்கு ஒண்ணு கட்டறேன்னு சொல்லியிருக்குது" என்றார். சிரிப்புக் குரல்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு, "பெரிய படிப்புங்க" என்றார். கடைசியாகச் சொந்த அப்பா. அவர் மகளை ஒருமுறை பார்த்தார், உதட்டை அசைத்துப் பார்த்தார், பிறகு கையை விரித்துவிட்டார்.

ஒரு பேராசிரியர் வாயைப் பொத்திக்கொண்டார். பெண் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டாள்.

"சார்," என்றேன், "என் பதினோரு வருட அனுபவத்தில் சொல்றேன், இந்த அஞ்சு பேர்ல ஒருத்தர்கூடப் போலி இல்லை. இந்தப் பொண்ணு ஆள் வைக்கலை. முதல் வருஷம் அவங்க உண்மையைத்தான் சொன்னாங்க. அதைக் கேட்டதும் போனை வெச்சது நான். புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். விதியை யார்மேலயாவது போட்டே ஆகணும்னா என்மேல போடுங்க. சனிக்கிழமை அந்தக் களத்துல முன்னபின்ன தெரியாத ஒரு குழந்தைக்கு நானே அம்மான்னு சொல்லிப் பேசியிருக்கேன்."

டீன் மஃப்ளரை ஒருமுறை அவிழ்த்து மறுபடி சுற்றினார். கோபக்காரியான நான் கைகட்டி நிற்பதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. பெண்மேல் நடவடிக்கை இல்லை, அவள் நேர்முகத்தில் உட்காரலாம் என்று எழுதினார். பேசுவது யார் என்று சரிபார்க்காமல் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டதற்காக வார்டனுக்கு ஒரு மெமோ. என் வாழ்க்கையில் முதல் மெமோ. நியாயமானது, வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் ஐந்து பேரையும் என் அறைக்குக் கூட்டிப்போனேன். பலாப்பழம் வெடிக்கிற பதத்துக்கு வந்திருந்தது. சிரிப்புக் குரல்காரர்தான் வெட்டினார். வராந்தாவில் போன பிள்ளைகளையெல்லாம் மேஸ்திரி "வா கண்ணு, ஒரு சுளை எடுத்துக்க சாமி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார். வார்டன் அறையில் கூட்டம் போடக்கூடாது என்பதும் என் விதிதான். அன்றைக்கு அதைப் பற்றி யாரும் நினைவூட்டவில்லை.

வியாழக்கிழமை நேர்முகம் நடந்தது. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு இளஞ்சிவப்புச் சீட்டுகளோடு நான் உட்கார்ந்திருக்கும்போது அவள் வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். வேலை கிடைத்துவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டாள். நான் வார்டனானதிலிருந்து என்னைக் கட்டிக்கொண்ட முதல் ஆள் அவள்தான். "மேம், அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள்.

போனைப் போட்டேன். மேஸ்திரி எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் இருமல், கூச்சல், யாரோ கை தட்டுகிற சத்தம். போன் கை மாறியது. அடுத்தவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். மறுபடி கை மாறியது, மறுபடி சொன்னேன். நாலாவது ஆளுக்கும் சொல்லி முடித்ததும் மேஸ்திரி வாங்கி, "டீச்சரம்மா, வெச்சிராதீங்க. அவன் பள்ளத்துல இருந்து ஏறி வந்துட்டு இருக்கறான். நாங்க யாரும் சொல்ல மாட்டோம், உங்க வாயாலயே கேக்கட்டும்" என்றார்.

வாசலில் வரிசை நீண்டுகொண்டே போனது. நான் போனை வைக்கவில்லை. ஸ்பீக்கரில் மழைச் சத்தம் கேட்டது, பிறகு ஈரத்தில் நடந்து வருகிற காலடி, பிறகு மூச்சு வாங்குகிற சத்தம்.

"அப்பாவா பேசறது?" என்றேன். கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்விதான்.

"ஆமாங்க. அப்பந்தானுங்க."

சொன்னேன்.  என் பக்கத்தில் நின்ற பெண் போன் பக்கம் குனிந்தாள். பிறகு அந்தக் குரல் மெதுவாக வந்தது.

"ஏனுங்க டீச்சரம்மா... பொண்ணு சாப்புட்டுச்சுங்களா?"

ரிசல்ட் பயத்தில் மதியம் அவள் தட்டைத் தொடவே இல்லை. மெஸ்ஸில் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள், எனக்குத் தெரியும்.

"சாப்பிட்டாளுங்க" என்றேன்.